4004-ஐச் செய்தது யார்? ஃபெடெரிகோ ஃபாஜின் பற்றி ஒரு மாணவருக்குப் பதில்

உங்கள் கேள்வி இதுதான்: "எங்கள் பாடக் குறிப்பில் மைக்ரோபிராசசரைக் கண்டுபிடித்தவர் டெட் ஹாஃப் என்று இருக்கிறது. வேறொரு இடத்தில் ஃபெடெரிகோ ஃபாஜின் என்று படித்தேன். எது சரி? இந்த ஃபாஜின் யார்?" தலைப்பில் உள்ள 4004 என்பது இன்டெல் 1971-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒற்றைச் சிப் மைக்ரோபிராசசர், அதாவது நுண்செயலி. பெயர் ஒன்றைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். ஒரு பொருளை "இப்படிச் செய்யலாம்" என்று முதலில் சொன்னவர் கண்டுபிடிப்பாளரா, அதைக் கையில் எடுத்து ஓட வைத்தவர் கண்டுபிடிப்பாளரா என்பதே உங்கள் கேள்வி. நான் இருபது ஆண்டுக்கும் மேலாக 8085 என்ற இன்டெல் நுண்செயலிக்குப் பாடமும் லேபும் எடுத்தவன். சிப் ஆலையில் வேலை பார்த்தவன் அல்ல. ஆகவே சர்க்யூட் பற்றிச் சொல்வதைத் தெரிந்து சொல்கிறேன், ஆலைக்குள் நடந்ததைப் படித்துத்தான் சொல்கிறேன். நானும் பல ஆண்டுகள் கரும்பலகையில் ஹாஃப் பெயரை மட்டும் எழுதிப் போட்டிருக்கிறேன். அது முழுப் பொய் இல்லை. ஆனால் பாதிக்கு மேல் விடுபட்ட உண்மை.

ஃபாஜின் 1941 டிசம்பர் 1 அன்று இத்தாலியின் விசென்சா நகரில் பிறந்தார். அப்பா தத்துவ வரலாற்று அறிஞர். மகனுக்கோ இயந்திரங்கள் மேல்தான் ஆசை. தொழில்நுட்பப் பள்ளியில் படித்து, நேராக ஒலிவெட்டி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே 19 வயதில், டிரான்சிஸ்டர்களைக் கொண்டு ஒரு சிறிய சோதனைக் கணினியை வடிவமைத்துக் கட்டும் வேலையில் இறங்கினார். அதில் 12 பிட் அகலத்தில் 4096 இடங்கள் கொண்ட காந்த வளைய நினைவகம் இருந்தது. நம் ஊரில் டிப்ளமோ முடித்த பையனின் வயதுதான் அது. அந்த வயதில் ஒரு முழுக் கணினியை உள்ளும் புறமும் தெரிந்துகொண்டவர் என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் இது உதவும். பிறகுதான் பாதுவா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்து 1965-ல் உயர்ந்த தேர்ச்சியுடன் வெளியே வந்தார். 1967-ல் மிலானுக்குப் பக்கத்தில் எஸ்.ஜி.எஸ். ஃபேர்சைல்டு நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கிருந்து 1968 தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இருந்த ஃபேர்சைல்டு ஆய்வகத்துக்குப் போனார்.

அவர் வாழ்க்கையில் பெரிய சாதனை 4004 என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். என் கணிப்பில் அதற்கு முந்தைய சாதனைதான் பெரியது: சிலிக்கான் கேட். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். சிப்களில் உள்ள மாஸ் (MOS) வகை டிரான்சிஸ்டரில் சோர்ஸ், டிரெய்ன் என்று இரண்டு பகுதிகள், நடுவில் ஒரு சின்ன இடைவெளி, அந்த இடைவெளிக்கு மேலே மின்சாரத்தை ஓடவும் நிற்கவும் வைக்கும் கேட். பழைய முறையில் சோர்ஸையும் டிரெய்னையும் முதலில் உருவாக்கிவிட்டு, கடைசியில் இடைவெளிக்கு மேல் அலுமினியத்தை வைப்பார்கள். அது நூல் பிடித்தாற்போல் சரியாக உட்காராது. எனவே பாதுகாப்புக்காக இரு பக்கமும் கொஞ்சம் ஏறி நிற்கும்படி அகலமாக வைப்பார்கள். ஏறி நிற்கும் அந்தப் பகுதி தேவையில்லாத கெப்பாசிட்டராக மாறி வேகத்தைக் கெடுக்கும். அலுமினியத்தை முதலிலேயே வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். சோர்ஸ், டிரெய்ன் உருவாக்கும் அடுப்பின் வெப்பம் 1000 டிகிரி செல்சியசை ஒட்டி இருக்கும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும்.

வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நேர்கோடு வேண்டுமென்றால் முதலில் டேப்பை ஒட்டிவிட்டு அதன் மேலேயே அடிப்பார்கள். டேப்பின் ஓரம் எங்கேயோ அங்கேதான் பெயிண்டின் ஓரமும். சிலிக்கான் கேட் அதே வேலைதான். வெப்பம் தாங்கும் சிலிக்கானை முதலில் கேட்டாக வைத்துவிட்டு, அதையே மறைப்பாகக் கொண்டு சோர்ஸையும் டிரெய்னையும் உருவாக்குவது. கேட் தானாகவே சரியான இடத்தில் நிற்கும். இந்த யோசனை ஃபாஜினுடையது மட்டும் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பெல் ஆய்வகத்தில் கெர்வின், க்ளைன், சரஸ் என்ற மூவர் இதை முன்பே யோசித்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார்கள். ஆனால் தனி டிரான்சிஸ்டர் ஒன்றைச் செய்து காட்டுவது வேறு, ஆலையில் தினமும் ஓடக்கூடிய முறையாக அதை ஆக்குவது வேறு. அந்த இரண்டாவது வேலையை ஃபாஜின் 1968-ல் செய்தார். ஃபேர்சைல்டு 3708 என்ற சிப்தான் அந்த முறையில் விற்பனைக்கு வந்த முதல் ஐ.சி. கூடவே, அலுமினியத்தின் துணை இல்லாமல் சிலிக்கான் கேட்டையும் கீழே உள்ள பகுதியையும் நேரடியாக இணைக்கும் "புதைந்த இணைப்பு" என்ற உத்தியையும் கொண்டுவந்தார். இதனால் அதே இடத்தில் இன்னும் நிறைய சர்க்யூட்டை அடக்க முடிந்தது.

அதே 1968 ஜூலையில் ராபர்ட் நாய்ஸும் கோர்டன் மூரும் ஃபேர்சைல்டை விட்டுப் போய் இன்டெலைத் தொடங்கினார்கள். புதிய நிறுவனம் தன் நினைவகச் சிப்களுக்குப் பந்தயம் கட்டியது இந்தச் சிலிக்கான் கேட் மீதுதான்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருவோம். 1969-ல் பிசிகாம் என்ற ஜப்பானியக் கால்குலேட்டர் நிறுவனம் இன்டெலிடம் தனக்கென்று ஒரு தொகுதி சிப் செய்து தரச் சொன்னது. அவர்கள் தரப்புப் பொறியாளர் மசாதோஷி ஷிமா. அவர்கள் கேட்டது கால்குலேட்டருக்கு மட்டுமே உதவும் பல சிப்கள். இதைப் பார்த்த இன்டெல் பொறியாளர் டெட் ஹாஃப், "இத்தனை தனித்தனிச் சிப் எதற்கு? பொதுவான ஒரு செயலி இருக்கட்டும், கால்குலேட்டர் வேலையை நினைவகத்தில் புரோகிராமாக எழுதிக்கொள்ளலாம்" என்றார். இன்டெலில் இருந்த ஸ்டான் மேசர் அவருடன் சேர்ந்து, செயலி புரிந்துகொள்ளும் கட்டளைகளின் தொகுப்பை வகுத்தார். இது உறுதியான வரலாறு, ஹாஃபின் பெருமையை யாரும் குறைக்க முடியாது. ஆனால் ஹாஃபும் மேசரும் சிப் வடிவமைப்பாளர்கள் அல்லர். அவர்கள் தந்தது ஒரு கட்டமைப்பு வரைவு. 1970 ஏப்ரலில் ஃபாஜின் இன்டெலில் சேர்ந்தபோது அந்த வரைவு அப்படியே கிடந்தது, ஒரு சர்க்யூட்கூட வரையப்படவில்லை. அவர் சேர்ந்த சில நாளிலேயே வேலை எவ்வளவு நடந்திருக்கிறது என்று பார்க்க ஷிமா ஜப்பானிலிருந்து வந்து இறங்கினார். ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்ததும் கடும் கோபம். புதிதாக வந்தவர் மேல்தான் அது விழுந்தது. ஆனால் ஷிமா திரும்பிப் போகவில்லை. பல மாதம் அங்கேயே தங்கி லாஜிக் வடிவமைப்பில் ஃபாஜினுக்குத் தோள் கொடுத்தார். இந்த நட்பு பின்னால் இரண்டு பெரிய சிப்களைத் தந்தது.

செய்ய வேண்டியது நான்கு சிப்: 4001 என்ற ரோம் (மாறாத நினைவகம்), 4002 என்ற ராம் (மாற்றி எழுதும் நினைவகம்), 4003 என்ற ஷிஃப்ட் ரெஜிஸ்டர் (பிட்டுகளை வரிசையாக நகர்த்தித் தரும் சிப்), 4004 என்ற செயலி. இன்டெல் அப்போது 16 கால் உள்ள உறைக்கு மேல் போக விரும்பவில்லை. 12 பிட் முகவரியை ஒரே மூச்சில் வெளியே அனுப்பக் கால்கள் போதாது. எனவே நான்கு நான்கு பிட்டாக மூன்று தவணையில் அனுப்பினார்கள். நீங்கள் 8085-ல் முகவரியும் தரவும் ஒரே கால்களில் மாறி மாறி வருவதைப் படித்து அலுத்துக்கொண்டிருப்பீர்கள். கால்களை மிச்சம் பிடிக்கும் அந்தக் கவலை இவ்வளவு பழையது. லேஅவுட், அதாவது சிப்பில் எது எங்கே என்ற வரைபடம், முழுவதும் கையால் வரைந்தது. பெரிய அளவில் வரைந்து, ரூபிலித் என்ற சிவப்பு ஏட்டில் கத்தியால் வெட்டி எடுத்து, அதைப் புகைப்பட முறையில் சுருக்கினால்தான் சர்க்யூட்டைச் சிலிக்கான் மேல் பதிக்கும் மாஸ்க் கிடைக்கும். சுமார் 2300 டிரான்சிஸ்டர்கள், 3 மில்லிமீட்டருக்கு 4 மில்லிமீட்டர் இடத்தில்.

1970 டிசம்பர் கடைசியில் 4004-இன் முதல் வேஃபர்கள் (பல சிப்கள் பதிந்த சிலிக்கான் தகடுகள்) வந்தன. ஃபாஜின் ஒரு சிப்பின் மேல் சோதனை ஊசிகளை இறக்கிப் பார்த்தார். அசைவே இல்லை. அடுத்த சிப்பும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. கடைசியில் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஆலையில் ஒரு படியையே விட்டுவிட்டார்கள், அதுவும் அந்தப் புதைந்த இணைப்புக்கான படியை. பல கேட்கள் எதனோடும் சேராமல் அந்தரத்தில் நின்றன. வடிவமைப்பில் பிழை இல்லை, ஆனாலும் மறுபடி வேஃபர் வரும்வரை அது நிச்சயமில்லை. சில வாரம் கழித்து 1971 ஜனவரியில் புதிய வேஃபர்கள் வந்தன. மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு அவர் தனியாக உட்கார்ந்து சோதிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பகுதியாக உயிர் பெற்றது. நள்ளிரவு தாண்டித்தான் வீடு திரும்பினார். லேபில் ஒரு கிட் முதல் முறை சரியான விடை காட்டும்போது மாணவர்கள் முகத்தில் வரும் ஒளியை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். உலகத்தில் அதுவரை இல்லாத ஒரு பொருள் அப்படி விடை காட்டினால் எப்படி இருந்திருக்கும் என்று அந்தக் காட்சியைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

4004-இன் உருப்பெருக்கிய படத்தைத் தேடிப் பாருங்கள். சிப்பின் ஓரத்தில் எஃப்.எஃப். என்று இரண்டு எழுத்து இருக்கும். ஃபெடெரிகோ ஃபாஜினின் முதலெழுத்துகள். ஓவியர் கையெழுத்துப் போடுவதுபோல் அவரே பொறித்தது.

பிசிகாமுக்கு அந்தச் சிப்பின் மேல் தனியுரிமை இருந்தது. பிறகு விலையைக் குறைக்கச் சொல்லி அவர்கள் வந்தபோது, அதற்குப் பதிலாகக் கால்குலேட்டர் அல்லாத வேலைகளுக்கு மற்றவர்களுக்கும் விற்கும் உரிமையை இன்டெல் வாங்கிக்கொண்டது. 1971 நவம்பர் 15 தேதியிட்ட தொழில் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. அதன் பின் 1972-ல் 8 பிட் செயலி 8008, 1974-ல் 8080. இந்த 8080-இன் கருவும் கட்டமைப்பும் ஃபாஜினுடையவை. அதற்குள் இன்டெலுக்கே வந்து சேர்ந்திருந்த ஷிமா விரிவான வடிவமைப்பைச் செய்தார். உங்கள் 8085 இதன் நேரடி வாரிசு. 8080-இன் கட்டளைகள் எல்லாம் அப்படியே 8085-ல் உண்டு. அதிகாரப்பூர்வமாகச் சேர்ந்தவை ரிம், சிம் என்ற இரண்டே இரண்டு. பெயரில் உள்ள 5 என்பது 5 வோல்ட் மின்சாரம் ஒன்றே போதும் என்பதைக் குறிப்பது. 8080-க்கு மூன்று வகை வோல்டேஜ் கொடுக்க வேண்டியிருந்தது.

புரோகிராம் முடிவில் நீங்கள் அடிக்கும் 76 என்ற எண்ணைக் கவனித்திருக்கிறீர்களா? பதினாறடிமான (ஹெக்ஸ்) முறையில் 40 முதல் 7எஃப் வரை உள்ள 64 எண்களும் மூவ் கட்டளைக்கு ஒதுக்கப்பட்ட கட்டம். எட்டு இடத்திலிருந்து எட்டு இடத்துக்கு நகர்த்தினால் 64. அதில் 76 என்ற இடத்தில் வர வேண்டியது "நினைவகத்திலிருந்து அதே நினைவகத்துக்கு நகர்த்து". அதனால் ஒரு பயனும் இல்லை. வீணாகப் போகும் அந்த இடத்தை ஹால்ட் (நிறுத்து) கட்டளைக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் வைவாவில் இந்தக் கேள்வியைக் கேட்டு, அடுத்த நாள் யோசித்து வந்து விடை சொன்ன மாணவர்கள் உண்டு.

8080 வெளிவந்த ஆண்டே, 1974 முடிவதற்குள், ஃபாஜின் இன்டெலை விட்டு விலகினார். 8080-ஐ இன்னும் முன்னதாகவே தொடங்கியிருக்கலாம், நிர்வாகம் பல மாதம் தள்ளிப்போட்டது, நுண்செயலியை நினைவகம் விற்பதற்கான துணைச் சரக்காகவே பார்த்தது என்பது அவர் சொல்லும் காரணம். இது அவர் தரப்பு என்பதை நினைவில் வைத்தே படியுங்கள். 1974-ல் இன்டெலுக்குச் சோறு போட்டது நினைவகம்தான், அந்த நிர்வாகத்தின் எச்சரிக்கையும் எனக்குப் புரிகிறது. ரால்ஃப் அங்கர்மனுடன் சேர்ந்து அவர் தொடங்கிய நிறுவனம் ஜைலாக். பணம் போட்டது எண்ணெய் நிறுவனமான எக்ஸான். ஷிமாவும் வந்து சேர்ந்தார். 1976-ல் இசட்80 வந்தது. 8080-க்கு எழுதிய புரோகிராம் இதில் ஓடும், ஒரே 5 வோல்ட் போதும், செயலிக்குள் உள்ள சின்னச் சேமிப்பிடங்களான ரெஜிஸ்டர்கள் இரட்டைத் தொகுதி, டைனமிக் ராமைப் புதுப்பிக்கும் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். யாராவது லேஅவுட்டைப் பார்த்து நகல் எடுத்தால் ஏமாறட்டும் என்று ஷிமா சில போலி டிரான்சிஸ்டர்களைக்கூட உள்ளே ஒளித்துவைத்தார். டி.ஆர்.எஸ்.-80, இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் என்ற கணினிகள், பேக்மேன் விளையாட்டு இயந்திரம் என்று அது போகாத இடம் இல்லை. அந்தக் குடும்பத்தின் தனிச் சிப்புக்குக் கடைசி ஆர்டர் வாங்கியது 2024 ஜூனில்தான். 48 ஆண்டு ஒரு சிப் விற்றது!

தொழில்முனைவோராக அவர் எல்லாவற்றிலும் வென்றவர் இல்லை. எக்ஸானின் பணம் ஜைலாக்கை வளர்த்தது, அதே பணம் கழுத்துக்கும் வந்தது. அலுவலக இயந்திரச் சந்தையில் ஐ.பி.எம்.-உடன் மோத எக்ஸான் விரும்பியதால், ஐ.பி.எம். தன் கணினிக்கு ஜைலாக் பக்கம் திரும்பவில்லை என்று அவர் கருதுகிறார். ஐ.பி.எம். உண்மையில் எதை நினைத்து இன்டெல் 8088-ஐ எடுத்தது என்பதற்கு வேறு காரணங்களும் சொல்லப்படுகின்றன, எனவே இதை ஒரு கருத்தாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 1980 முடிவில் ஜைலாக்கை விட்டு விலகினார். அடுத்த நிறுவனமான சிக்னெட், தொலைபேசியையும் கணினியையும் இணைக்கப் பார்த்தது, பெரிதாகப் போகவில்லை. 1986-ல் கார்வர் மீட் என்ற பேராசிரியருடன் தொடங்கிய சினாப்டிக்ஸ் மூளையைப் போல் கற்கும் சிப் செய்யப் புறப்பட்டது. கடைசியில் உலகம் அதை அறிந்தது மடிக்கணினியின் டச்பேட் வழியாக. உங்கள் விரல் ஒரு முறையாவது அதன் மேல் போயிருக்கும்.

இப்போது பெயர் விவகாரம். அவர் விலகிப் போய்ப் போட்டி நிறுவனம் தொடங்கிய பிறகு, இன்டெல் தன் கதையைச் சொல்லும்போதெல்லாம் ஹாஃப் பெயர் முன்னால் நின்றது, ஃபாஜின் பெயர் பின்னுக்குப் போனது. பாடக் குறிப்புகள் அதைத்தான் பிரதி எடுத்தன. அவர் மனைவி எல்வியா ஆவணங்களைத் திரட்டி, பல ஆண்டு விடாமல் எழுதி இந்தக் குறையைச் சரிசெய்யப் போராடினார். 1997-ல் கியோட்டோ பரிசு ஃபாஜின், ஹாஃப், மேசர், ஷிமா நால்வருக்கும் சேர்த்து வந்தது. 2010-ல் ஒபாமா கையால் ஃபாஜின், ஹாஃப், மேசர் மூவரும் அமெரிக்கத் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வாங்கினார்கள். ஷிமா பெயர் அங்கே இல்லாதது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

"முதல் நுண்செயலி" என்ற பட்டமும் முழுக்க முடிந்த வழக்கு அல்ல. எஃப்-14 போர் விமானத்துக்காக ரே ஹோல்ட் குழு செய்த சிப் தொகுதி 1970-லேயே தயாராக இருந்தது, ராணுவ ரகசியம் என்பதால் 1998 வரை வெளியே வரவில்லை. ஆனால் அங்கே செயலி ஒரே சிப்பில் இல்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்சில் கேரி பூன் குழு 1971-ல் ஒரே சிப்பில் 8 பிட் செயலியைச் செய்தது, அது விற்பனைக்கு வரவில்லை. எனவே நான் வகுப்பில் சொல்லும் வாக்கியம், "விற்பனைக்கு வந்த முதல் ஒற்றைச் சிப் நுண்செயலி 4004". இதில் ஒரு சொல்லைக் கழித்தாலும் சண்டைக்கு ஆள் வரும்.

தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி வந்தால், கட்டமைப்பு ஹாஃப், மேசர். சிலிக்கானில் வடிவமைத்து ஓட வைத்தவர் ஃபாஜின். துணை நின்றவர் ஷிமா என்று ஒரே வரியில் எழுதுங்கள். நான் திருத்தினால் முழு மதிப்பெண் போடுவேன்.

இன்னொன்று. பழைய கல்லூரிகள் பலவற்றில் இசட்80 கிட் ஒன்று அலமாரியில் தூசி படிந்து கிடக்கும். லேப் உதவியாளரிடம் கேட்டு எடுத்து, பயனர் நினைவகம் எந்த முகவரியில் தொடங்குகிறது என்று பார்த்துக்கொண்டு, 3ஈ 05 06 03 80 32 00 42 76 என்று இந்த ஒன்பது பைட்டை அடியுங்கள். 4200 உங்கள் கிட்டின் ராமுக்குள் வரவில்லை என்றால் அந்த முகவரியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்தையும் மூன்றையும் கூட்டி 4200-ல் வைக்கும் புரோகிராம் அது. அதே ஒன்பது பைட்டை ஒரு எழுத்துகூட மாற்றாமல் 8085 கிட்டிலும் அடித்துப் பாருங்கள். இரண்டிலும் 08 வரும்.